பூட்டப் பழகுதல்

வெயிலுமுத்து வந்த அன்று
பதிவேட்டில் முகவரி என்ற கட்டத்தில்
'ஈரடுக்குப் பாலம், கீழே, நான்காவது தூண்'
என்று எழுதினேன். அவர் சொன்னது அதுதான்.
மேலாளர் அதை அடித்துவிட்டு
'இல்லை' என்று போட்டார்.
அடித்ததற்குக் கீழே தூண் இன்னும் தெரிகிறது.

வண்ணார்பேட்டையில் எங்கள் இல்லம்.
பதினான்கு கட்டில், இரண்டு கழிப்பறை,
ஆறு மாதம் என்று ஒரு விதி.
ஆறு மாதத்தில் ஒரு மனுஷன்
என்னவெல்லாம் ஆகிவிடலாம் என்று
எங்கோ மின்விசிறிக்குக் கீழே
யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

வெகுநாள் அவர் கட்டிலில் ஏறவில்லை.
கட்டிலுக்கு அடியில் படுத்தார்,
செருப்பைக் கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு.
பிறகு செருப்பு வாசலுக்குப் போயிற்று.
கயிறு மட்டும் கையிலேயே இருந்தது.

ஆதார் எடுக்கப் போனபோது ரேகை விழவில்லை.
நயினார்குளம் சந்தையில் மூட்டை இழுத்த விரல்கள்.
கண்ணை மட்டும் மிஷின் ஒப்புக்கொண்டது.
"கண்ணு இருக்குல்லா தம்பி, போதும்" என்று
கம்ப்யூட்டர் பையனை அவர்தான் தேற்றினார்.

நான்காம் மாதத்தைப் பற்றி
எழுத எனக்கு விருப்பமில்லை.
பக்கத்துக் கட்டில் கொம்பையா
டீ குடித்துவிட்டு வருவதாகச் சைகை காட்டிப் போன மாதம்.
அவர் தட்டு இன்னும் ஆணியில் தொங்குகிறது.

தனி அறைக்குப் போகிறவர்
பழக வேண்டியவை என்று ஒரு தாள் உண்டு.
சமைத்தார். கூட்டாஞ்சோறு, உப்பு கொஞ்சம் தூக்கல்.
வலிப்பு மாத்திரை காலையில் வெள்ளை, ராத்திரி மஞ்சள்;
ஒருநாள்கூடத் தப்பவில்லை.
பூட்டைக் கையில் கொடுத்தால் மட்டும்
உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டு
பூட்டை என் பக்கம் நீட்டினார்.
"நீங்க போடுங்க டீச்சர்."

நான் டீச்சர் இல்லை.
புரிய எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.
கணுக்காலைச் சுற்றி வளையமாய் ஒரு தழும்பு.
"பொறவியிலே இருக்குன்னு நெனச்சேன்" என்றான்
குளிக்க வைக்கிற பால்துரை.
எந்த ஊர், எந்த வீடு, எத்தனை வருஷம்
என்பதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் இருக்கிறது.
காலியாக விட்டேன்.

பூட்டை மேஜையில் வைத்துவிட்டு
கதவின் உட்புறம் ஒரு தாழ்ப்பாள் அடிக்கச் சொன்னேன்.
"உள்ள இருந்து நீங்க போடுங்க அண்ணாச்சி.
நான் தட்டுதேன்.
இஷ்டம்னா தொறங்க, இல்லாட்டி வேண்டாம்."

தாழ்ப்பாள் விழுந்தது.
தட்டினேன்.
மறுபடியும் தட்டினேன்.
ஒரு சத்தம் இல்லை.
வலிப்பு வந்திருக்குமோ,
சிமெண்டுத் தரையில் தலை அடித்திருக்குமோ.
பால்துரை கடப்பாரை எடுக்க ஓடினான்.
"அண்ணாச்சி! அண்ணாச்சி!"

உள்ளேயிருந்து மெதுவாக ஒரு சிரிப்பு:
"இஷ்டமில்ல டீச்சர்."

அதற்கப்புறம் பேட்டையில் ஒரு லைன் வீடு.
வாடகை இரண்டாயிரத்து இருநூறு.
"வலிப்பு வந்தா யாரு பாக்க?" என்று
முக்காட்டை இழுத்துவிட்டபடி கேட்டார்
வீட்டுக்கார மைதீன் பாத்து.
என் நம்பரைக் கரித்துண்டால்
நிலையில் எழுதிக் கொடுத்தேன்.
தாழ்ப்பாளைப் பற்றிப் பெரிய பேச்சுவார்த்தை நடந்தது.
பகலில் போடுவதில்லை, ராத்திரி அவர் இஷ்டம்,
காலை ஏழுக்குத் திறக்காவிட்டால் பாத்து தட்டுவார்;
அப்போது இஷ்டமில்லை என்பதைச்
சத்தமாகச் சொல்ல வேண்டும்.

பூட்டுக்கு இரண்டு சாவி.
ஒன்றை மணிக்கட்டுக் கயிற்றில் கட்டிக்கொண்டார்.
மற்றதைப் பாத்துவிடம் கொடுப்பார் என்றிருந்தேன்.
கிளம்பும்போது நேரே ஆணிக்குப் போய்
அந்தத் தட்டுக்குப் பின்னால் மாட்டினார்.
"கொம்பையா வந்தா குடுங்க.
ரெண்டு பேரு தாராளமாப் படுக்கலாம்."

பேட்டை பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது.
திரும்பிப் பார்க்கவில்லை.

நேற்று ராத்திரி போலீஸ்காரர் ஒருத்தர்
ஜங்ஷனிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்து விட்டார்.
பேர் சொல்லவில்லை, சோறு தொடவில்லை.
வெயிலுமுத்துவின் கட்டில் காலியாக இருந்தது.
போர்வை உதறி, தலையணை உறை மாற்றி,
கட்டிலுக்கு அடியிலும் ஒரு பாய் விரித்து வைத்தேன்.